பூக்கிறது, காய்க்கவில்லை: பூவைப் பிளந்து கோளாற்றைக் கண்டுபிடிக்கும் வழி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தாமான் எனும் குடியிருப்பு வீடுகளுக்குப் பின்னால் நான்கடி மண் கிடைத்தால் போதும். அதில் ஒரு முருங்கை நிற்கும், வேலியில் பாகல் படரும், மூலையில் பப்பாளி இருக்கும். தோட்டத்து லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, விட்டு வந்தவர்கள் பீரோவைக்கூட விட்டுவிட்டு வந்திருப்பார்கள். கறிவேப்பிலைக் கன்றை விட்டு வந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. இவ்வளவு ஆசையாக வளர்ப்பது பூத்துவிட்டுக் காய்க்காமல் போனால் உடனே நடப்பது ஒன்றுதான்: நீல உரம் ஒரு கைப்பிடி. அப்போதும் காய்க்கவில்லையா, இன்னொரு கைப்பிடி. அதற்கும் அசையாவிட்டால் கண்பட்டுவிட்டது என்று முடிவாகி, வேலியில் பழைய செருப்பு தொங்கும்.

உரமும் செருப்பும் பிறகு இருக்கட்டும். காய் என்பது பூவின் சூல்பை பருத்து வளர்ந்ததுதான். ஆகவே காய்க்காத செடியின் கோளாறு பெரும்பாலும் பூவிலேயே எழுதியிருக்கும். அன்று மலர்ந்த பூ ஒன்றைப் பறித்து, சவர பிளேடால் காம்பிலிருந்து நுனிவரை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். அடியில் பருத்திருப்பது சூல்பை. அதற்குள் பொடி முத்துகளாக ஒட்டியிருப்பவை சூல்கள். அவைதாம் நாளைய விதைகள். சூல்பையின் மேலே எழும் தண்டு சூல்தண்டு, அதன் தலையில் பிசுபிசுப்பாக இருப்பது சூல்முடி. சுற்றி நிற்கும் மகரந்தத்தாள்களின் நுனியில் மஞ்சள் தூள் இருக்கும். அந்தத் தூளின் ஒரு துகள் சூல்முடியில் ஒட்டி, குழாயாக நீண்டு, சூல்தண்டுக்குள் இறங்கி ஒரு சூலைச் சேர வேண்டும். ஒரு விதைக்கு ஒரு துகள்.

இனி உங்கள் செடி எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறது என்று பார்ப்போம்.

“இலைதான் வருகிறது, பூவே இல்லை”

முருங்கை வைத்திருப்பவர்களின் புகார் இது. முருங்கை வறட்சியைத் தாங்கும் மரம். ஈரத்தில் கால் வைத்து நிற்கப் பிடிக்காது. பேராக்கில் ஏப்ரல், மே மாதங்களிலும், மறுபடி அக்டோபர், நவம்பரிலும் மழை ஓங்கியிருக்கும். அந்த நாட்களில் அது இலையாகவே தள்ளுவது இயற்கை. அதன்மேல் கோழி எருவும் யூரியாவும் கொட்டினால், தழைச்சத்து மிகுந்து பூக்கும் நினைப்பே மரத்துக்கு வராது.

செய்ய வேண்டியது: தழைச்சத்து உரத்தை நிறுத்துங்கள். மண்ணை மேடாக்கித் தண்ணீர் தேங்காமல் வடிகால் வெட்டுங்கள். மழை ஓய்ந்ததும் கிளைகளைக் கவாத்து செய்யுங்கள். புதுக்கிளையில்தான் பூங்கொத்து வரும். வெயில் காலத்தில் தினம் தண்ணீர் ஊற்றிச் செல்லம் கொடுக்காதீர்கள். காய்க்காத மரத்தைத் துடைப்பத்தால் அடிப்பதும், கோடாலியைக் காட்டி மிரட்டுவதும் நம்மவர்களின் பழைய வைத்தியம். வெட்டப்போகிறேன் என்று மிரட்டாமல் உண்மையிலேயே கிளையை வெட்டியவர்களுக்குப் பலன் கிடைத்திருக்கும், அதுதான் கவாத்து.

பூ வந்து, பெருமழையில் உதிர்ந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. அடுத்த கொத்துக்குக் காத்திருங்கள். வீட்டுப் பழைய பலகையில் ஓட்டை போடும் அந்தக் கறுத்த பெரிய வண்டை மட்டும் விரட்டாதீர்கள். முருங்கைப் பூவுக்கு அதுதான் தரகர்.

“கொடி நிறையப் பூ, ஒரு பிஞ்சுகூட இல்லை”

பறங்கி, சுரை, பீர்க்கு, பாகல், புடல், வெள்ளரி எல்லாம் ஒரே குடும்பம். ஒரே கொடியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பூவைப் பிளக்கவே வேண்டாம், காம்பைப் பார்த்தால் போதும். பெண் பூவின் இதழுக்குக் கீழே குட்டிக் காய் ஒன்று இருக்கும்: பறங்கிக்கு உருண்டையாக, புடலுக்கு நூல் பருமனில், பாகலுக்கு முள்ளோடு. ஆண் பூவுக்கு வெறும் காம்புதான்.

கொடி முதலில் விடுவது பெரும்பாலும் ஆண் பூக்களை. அவை உதிர்வது குறையல்ல. வேலை முடிந்து போகின்றன. பொதுவாக இரண்டொரு வாரத்தில் பெண் பூ தலைகாட்டும். அப்போதும் வரவில்லை என்றால் தழைச்சத்து அதிகம், அல்லது நிழல் அதிகம். சுரைக்கொடியில் முக்கியக் கொடியின் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளைகள் வரும், அவற்றில்தான் பெண் பூக்கள் கூடுதலாகப் பிடிக்கும். நுனியைக் கிள்ளப் பலருக்கு மனம் வருவதில்லை. கிள்ளாத கொடி கூரை ஏறிப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் காய்க்கும்.

“பிஞ்சு வருகிறது, மஞ்சளாகிச் சூம்பி விழுகிறது”

எனக்கு வாட்சப்பில் வரும் படங்களில் அதிகம் இந்த ரகம்தான். “ஐயா, சத்துக் குறைவா?” என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். இல்லை. பெண் பூவில் பிஞ்சு போலத் தெரிவது மலரும் முன்பே இருந்த சூல்பை. மகரந்தம் வந்து சேராத சூல்பையைச் செடி கைவிட்டுவிடும். மூன்று நான்கு நாளில் நுனியிலிருந்து மஞ்சளாகும், சுருங்கும், விழும்.

ஆனால் முதலில் இன்னொன்றை விலக்கிவிட வேண்டும். விழுந்த பிஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள். தோலில் ஊசி குத்தியது போன்ற புள்ளியும் அதிலிருந்து பிசின் வடிந்த தடமும் இருக்கின்றனவா? குறுக்கே வெட்டினால் வெள்ளைப் புழு நெளிகிறதா? அப்படியானால் அது பழ ஈயின் வேலை. மகரந்தம் சேர்ந்து பிஞ்சு பருக்கத் தொடங்கியதுமே செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி மூடிவிடுங்கள். விழுந்த பிஞ்சைக் கொடிக்கடியிலேயே விட்டால் புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி அடுத்த தலைமுறை ஈயாக வரும். பொறுக்கிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போடுங்கள்.

குத்தும் இல்லை, புழுவும் இல்லை என்றால் மகரந்தக் குறைதான். இங்கே நேரம்தான் எல்லாம். இந்தக் குடும்பத்தின் பூக்கள் ஒரே வேளையில் மலர்வதில்லை. பறங்கி விடியுமுன் மலர்ந்து வெயில் ஏறுவதற்குள் மூடிக்கொள்ளும். பாகலும் காலைப் பூ. பீர்க்கில் இரண்டு: வரிவரியாக மேடிட்ட பீர்க்கு சாயங்காலம் மலரும், வழவழப்பான நுரைப்பீர்க்கு காலையில் மலரும். சுரையும் புடலும் வெள்ளைப் பூக்காரர்கள். பொழுது சாய்ந்த பிறகு விரிந்து இரவு அந்துப்பூச்சிகளுக்காகக் காத்திருப்பவர்கள். பத்து மணிக்குக் காப்பி குடித்துவிட்டுத் தூரிகையோடு கொடியடிக்குப் போகிறவருக்கு இவர்களில் பலர் கதவு திறக்க மாட்டார்கள்.

கையால் மகரந்தம் சேர்ப்பது சுலபம். அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து இதழ்களைக் கிழித்துவிடுங்கள். நடுவில் தூள் படிந்த தண்டு நிற்கும். அதைப் பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடியின் எல்லா மடல்களிலும் படும்படி மெல்லத் தடவுங்கள். ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூ செலவானாலும் பரவாயில்லை. பறங்கிக்கு இதைக் காலை ஏழு முதல் ஒன்பதுக்குள் முடியுங்கள். சுரைக்கு மாலை ஆறரை, ஏழு மணிக்கு டார்ச் விளக்கோடு போங்கள். இரவு மழை வரும்போலிருந்தால் பெண் பூவை ஒரு காகிதக் கூம்பால் மூடுங்கள். நனைந்த மகரந்தம் உதவாது. நான்கு நாள் கழித்துப் பிஞ்சு பளபளப்பாகப் பருத்திருந்தால் சேர்ந்துவிட்டது என்று பொருள்.

பூச்சிமருந்து அடிக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். காலையில் மலரும் பாகலுக்குக் காலையில் மருந்தடித்தால், அங்கே வரும் தேனீயும் இங்கே பலர் பெட்டியில் வளர்க்கும் கெலுலுட் எனும் கொட்டாத சிறு தேனீயும் சாகும். மாலையில் அடித்தால் சுரைக்கு வரும் அந்துப்பூச்சி சாகும். இரண்டும் ஒரே வேலியில் இருந்தால் காகிதம் சுற்றுவதுதான் வழி.

“காய் ஒரு பக்கம் பருத்து, மறுபக்கம் சூம்பியிருக்கிறது”

மகரந்தம் வந்திருக்கிறது, போதவில்லை. வெள்ளரியையோ பறங்கியையோ நெடுக்காக வெட்டிப் பாருங்கள். பருத்த பக்கத்தில் விதை முற்றியிருக்கும், சூம்பிய பக்கத்தில் விதைக்கூடு வெறும் தோலாக இருக்கும். வளரும் விதைதான் தன்னைச் சுற்றியுள்ள சதையைப் பருக்கச் சொல்லி ஹார்மோன் அனுப்புகிறது. விதையில்லாத பக்கத்துக்கு அந்த உத்தரவு போவதில்லை. மருந்து: சூல்முடி முழுவதும் தடவுதல். கடையில் விற்கும் விதையில்லா வெள்ளரி ரகங்கள் இதற்கு விலக்கு, அவை மகரந்தமே இல்லாமல் காய்க்கும்படி தேர்ந்தெடுக்கப்பட்டவை.

“கத்தரிப் பூ கொட்டுகிறது”

கொட்டிய பூவையும் செடியில் நிற்கும் பூவையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மஞ்சள் மகரந்தப்பைக் கூம்புக்கு மேலே சூல்முடி நீட்டிக்கொண்டிருந்தால் காய்க்கும் பூ. கூம்புக்குள்ளேயே குட்டையாக ஒளிந்திருந்தால் அது காய்க்காது. கத்தரி அப்படிப்பட்ட பூக்களையும் கலந்தே விடும், அவை கொட்டத்தான் கொட்டும். நீண்ட சூல்தண்டுள்ள பூவும் கொட்டினால், மகரந்தம் வெளியே வரவில்லை. கத்தரியின் மகரந்தப்பை நுனியில் சிறு துளைதான் உண்டு. சாதாரணத் தேனீக்கு அதை உதிர்க்கத் தெரியாது. பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவிடும் வண்டு வேண்டும். வண்டு இல்லாத பால்கனிச் செடியில் காலை வேளை பூக்காம்பை விரலால் சுண்டிவிடுங்கள்.

“பப்பாளி மரம் மாலை மாலையாகப் பூக்கிறது, காய் இல்லை”

நீண்ட காம்பில் கிளைகிளையாகத் தொங்கும் பூக்கள் என்றால் அது ஆண் மரம். பூவைப் பிளந்தால் சூல்பை இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய குச்சிதான் இருக்கும். ஆணி அடிப்பது, தலையை வெட்டுவது என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ஆண் மரம் எப்போதாவது பால் மாறி ஒன்றிரண்டு காய் விடுவது உண்மைதான். எனக்கு அதை நம்பி இடத்தை அடைத்துவைப்பதில் சம்மதமில்லை. வெட்டிவிட்டு வேறு நடுங்கள்.

பப்பாளியில் மூன்று விதம். ஆண் மரத்தைச் சொல்லிவிட்டேன். பெண் மரத்தின் பூ தண்டை ஒட்டித் தடித்து உட்கார்ந்திருக்கும். உள்ளே பெரிய சூல்பை, மகரந்தத்தாள் கிடையாது. பழம் உருண்டையாக வரும். இருபால் மரத்தின் பூ ஒல்லியாக நீண்டிருக்கும், உள்ளே சூல்பையும் மகரந்தத்தாளும் இரண்டும் உண்டு. பழம் நீளமாக வரும். கடையில் நாம் வாங்குவது இந்த நீளப் பழம். மார்டி எனும் மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1987இல் வெளியிட்ட எக்ஸோதிகா ரகத்திலும் சந்தைக்கு வருவது இருபால் மரத்துப் பழமே.

விதை எடுக்கும்போது இந்தக் கணக்குதான் முக்கியம். இருபால் மரம் தன் மகரந்தத்தாலேயே கருவுற்ற பழத்தின் விதைகளில் மூன்றுக்கு இரண்டு இருபாலாகவும் ஒன்று பெண்ணாகவும் வரும், ஆண் வராது. பெண் மரத்துப் பூ பக்கத்து வீட்டு ஆண் மரத்தின் மகரந்தத்தால் கருவுற்றால் பாதி ஆண், பாதி பெண். ஆகவே நீளப் பழத்தின் விதையை எடுங்கள். ஒரு குழியில் மூன்று கன்று வையுங்கள். நாற்றைப் பார்த்துப் பால் சொல்கிறேன், வேரைப் பார்த்துச் சொல்கிறேன் என்பவர்களை நம்பாமல், முதல் பூ வரும்வரை பொறுங்கள். பூவைப் பிளந்து பார்த்து இருபால் கன்று ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள்.

காய்த்துக்கொண்டிருந்த இருபால் மரம் திடீரென்று நின்றால் கடும் வெயிலும் வறட்சியும் காரணமாக இருக்கலாம். அந்தச் சமயம் சூல்பை வளராமல் பூ ஆணாகவே நடந்துகொள்ளும். மாறாக, மழையும் தழைச்சத்தும் மிகுந்த நாட்களில் மகரந்தத்தாள்கள் சூல்பையோடு ஒட்டி வளர்ந்து, முகம் கோணிய காய் வரும். இரண்டும் தாமே சரியாகும்.

“ரம்புத்தான் வருடந்தோறும் பூக்கிறது, பழமே கண்டதில்லை”

பழம் தின்று துப்பிய கொட்டையிலிருந்து முளைத்த மரமா? அப்படியானால் அது ஆணாக இருக்கலாம். கொட்டைக் கன்றுகளில் ஏறத்தாழ பாதி ஆண். பூவை உற்றுப் பாருங்கள். நடுவில் இரண்டாகப் பிளந்து சுருண்ட சூல்முடி இல்லாமல், தூள் நிறைந்த தாள்கள் மட்டும் இருந்தால் சந்தேகமே இல்லை.

மரத்தை வெட்ட வேண்டாம். காய்க்கும் நல்ல மரத்திலிருந்து மொட்டு எடுத்து ஒட்டுக் கட்டலாம். நம் ஊரில் அதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. ரப்பர் நாற்றங்காலில் ஒட்டுக் கட்டிய கைகள் இன்னும் இருக்கின்றன. ஆர்ஆர்ஐஎம் 600 என்ற ரகப் பெயரில் வரிசை வரிசையாக நின்ற ரப்பர் மரங்கள் எல்லாம் ஒரே தாய் மரத்தின் மொட்டுகள்தாம். பெரிய மரமானால் முதலில் தாழ வெட்டி, வரும் இளங்கிளையில் ஒட்டுங்கள்.

“டுரியான் பூவெல்லாம் காலையில் தரையில் கிடக்கிறது”

பதற வேண்டாம். டுரியான் பூ பிற்பகல் கடைசியில் மலர்ந்து, இரவில் மகரந்தம் உதிர்த்து, விடிவதற்குள் இதழையும் தாளையும் களைந்துவிடும். தரையில் கிடப்பது அந்தக் களைந்த உடுப்பு. கிளையைப் பாருங்கள்: சூல்பையும் அதன் தண்டும் அங்கேயே நின்றால் இன்னும் நம்பிக்கை உண்டு. அதுவும் உதிர்ந்தால் இரண்டு காரணம் தேடுங்கள். ஒன்று, தரகர் இல்லை. டுரியானின் முதன்மைத் தரகர் குகையில் வாழும் தேன் வௌவால். ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக் குன்றுகளின் குகைகளில் வௌவால்கள் வாழ்கின்றன. பாறைக்காகக் குன்றை உடைத்துக்கொண்டே போனால் டுரியான் விலையைப் பற்றி நாம் அங்கலாய்ப்பதில் நியாயமில்லை. இரண்டு, தனிமரம். பல டுரியான் ரகங்கள் தம் சொந்த மகரந்தத்தைச் சரியாக ஏற்பதில்லை. வேறு ரகத்து மரம் ஒன்று அருகில் வேண்டும், அல்லது இரவு ஏழு முதல் பத்து மணிக்குள் வேறு ரகப் பூவின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவ வேண்டும். தாழ்ந்த கிளைகளுக்கு மட்டும். ஏணியில் ஏறி இருட்டில் டுரியான் பூவைத் தடவச் சொல்ல எனக்கு மனமில்லை.

“செம்பனைக் குலையில் பாதி காய் இல்லை”

சொந்தமாக இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கு இது. செம்பனை எனும் எண்ணெய்ப்பனையில் ஆண் பாளையும் பெண் பாளையும் ஒரே மரத்தில் வரும், ஆனால் முறைவைத்து வரும். அதனால் ஒரு மரத்தின் மகரந்தம் பெரும்பாலும் இன்னொரு மரத்துக்குத்தான் போக வேண்டும். முன்பு தோட்டங்களில் டால்க் பொடியில் மகரந்தம் கலந்து ஆட்களை வைத்துப் பாளைக்குப் பாளை ஊதினார்கள். கேமரூனிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்னஞ்சிறு கூன்வண்டை 1981இல் இங்கே விட்ட பிறகு அந்த வேலையே இல்லாமல் போனது. மலர்ந்த ஆண் பாளை சோம்பு வாசனை வீசும். வண்டு அதில் தின்று முட்டையிடும். பெண் பாளையும் அதே வாசனையை வீசி வண்டை ஏமாற்றி வரவழைக்கும். வந்த வண்டு தீனி இல்லாமல் திரும்பும், மகரந்தத்தை மட்டும் விட்டுவிட்டு.

இது தெரிந்தால் கோளாறும் தெரிந்துவிடும். இளம் மரங்கள் முதல் சில ஆண்டுகள் அநேகமாகப் பெண் பாளையாகவே தள்ளும். மகரந்தமும் இல்லை, வண்டுக்கு வீடும் இல்லை. மரம் வயதாக இது சரியாகும். அடைமழை நாட்களில் வண்டு பறக்காது. மூன்றாவது, நாமே செய்வது: பூத்து முடிந்த ஆண் பாளை அசிங்கமாக இருக்கிறது என்று வெட்டி எறிவது. வண்டின் புழு அந்தக் காய்ந்த பாளைக்குள்தான் வளர்கிறது. அதை மரத்திலேயே விடுங்கள். திடீரென்று ஆண் பாளையாகவே வந்தால் இந்த மாதத்து உரத்தைக் குறை சொல்லாதீர்கள். பாளையின் பால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு முன்பே முடிவாகிவிடும், அப்போது அடித்த வறட்சி இப்போது கணக்குக் கேட்கிறது.

ஒரு மரம் மட்டும் ஏராளமாகப் பெண் பாளை விட்டு, எல்லாம் முற்றாமல் அழுகுகிறதா? கன்று எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். தோட்டத்தில் நிற்கும் தெனெரா ரகம் தடித்த ஓடுள்ள டுராவும் ஓடில்லாத பிசிஃபெராவும் சேர்ந்த கலப்பு. அதன் கொட்டை தானாக விழுந்து முளைத்த கன்றுகளில் நான்குக்கு ஒன்று டுரா, இரண்டு தெனெரா, ஒன்று பிசிஃபெரா. பிசிஃபெராவின் பெண் பாளை பெரும்பாலும் மலடு. இலவசமாகக் கிடைத்த கன்றை நட்டு நான்கு ஆண்டு உரம் போட்டபின் இது தெரிய வருவது கொடுமை. எம்பிஓபி எனும் மலேசியச் செம்பனை வாரியத்தின் உரிமம் பெற்ற நாற்றங்காலில் வாங்குங்கள். மரத்தை வெட்டிவிடுங்கள், மருந்து கிடையாது.

“விதை போட்டேன், முளைக்கவில்லை”

எந்த விதை என்பதைப் பொறுத்தது. மிளகாய், வெண்டை, பாகல் விதைகள் காய்ந்தால் உறங்கும். ஈரம் கண்டால் எழும். கறிவேப்பிலை, ரம்புத்தான், டுரியான், ரப்பர் விதைகள் காய்ந்தால் செத்துவிடும். 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குப் போன ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளில் மூவாயிரம்கூட முளைக்கவில்லை. அடுத்த ஆண்டு அங்கிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அப்போது வந்த மரபில் ஒரு கிழமரம் பக்கத்துக் கோலகங்சாரில் இன்றும் நிற்கிறது.

ஆகவே உறவினர் ஊரிலிருந்து தாளில் மடித்துக் காயவைத்துக் கொண்டுவந்த கறிவேப்பிலைக் கொட்டைக்காக வருத்தப்படாதீர்கள். கறுத்துப் பழுத்த பழமாகவே பறித்து, சதையைக் கழுவி, அந்த வாரத்திலேயே ஈரமண்ணில் போடுங்கள். அதைவிடச் சுலபம், வளர்ந்த செடியின் வேரிலிருந்து தள்ளிக் கிளம்பும் குருத்து. மழை நாளில் மாலை வேளையாகப் பார்த்து, தாய் வேரில் ஒரு துண்டோடு வெட்டி எடுத்து, பாதி இலையைக் கிள்ளிவிட்டு, நிழலில் தொட்டியில் வையுங்கள். புதுத்தளிர் வரும்வரை உரம் வேண்டாம்.